பொருளை விற்பதா, பயனை விற்பதா?

கம்ப்யூட்டர் கடைக்குச் சென்றால் விற்பனையாளர் முதலில் சொல்வது எண்களைத்தான். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, இத்தனை கோர் பிராசசர் என்று அடுக்குவார். வாங்க வந்தவரும் புரிந்தது போலத் தலையாட்டுவார். பணத்தைக் கட்டி வீட்டிற்குக் கொண்டு வந்த பிறகுதான், "இதில் என் வேலை நடக்குமா?" என்ற சந்தேகம் வரும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். கடையிலேயே பதில் கிடைத்திருக்க வேண்டிய கேள்வி இது.

உங்களில் கடை வைத்திருப்பவர்கள், விற்பனைப் பிரதிநிதிகள், இன்சூரன்ஸ் முகவர்கள் எனப் பலர் இருப்பீர்கள். நாம் பயன்படுத்தும் சாதனங்களின் வரலாற்றிலேயே உங்களுக்கு உதவும் பாடங்கள் உள்ளன. மூன்றை மட்டும் பார்ப்போம்.

எண்ணைப் பயனாக மாற்றுங்கள்

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபாட் கருவியை அறிமுகப்படுத்தினார். அதன் ஹார்ட் டிஸ்க் 5 ஜிபி. விலை 399 டாலர். அதற்கு முந்தைய ஆண்டே கிரியேட்டிவ் நிறுவனம் 6 ஜிபி கொண்ட நோமாட் ஜூக்பாக்ஸ் என்ற பிளேயரை விற்கத் தொடங்கியிருந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் அதுதான் பெரியது. ஆனால் ஆப்பிள் "உங்கள் பாக்கெட்டில் 1,000 பாட்டுகள்" என்றது. ஒரு பாட்டு 5 எம்பி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகவே வரும். ஐபாட் சட்டைப் பையில் அடங்கும் அளவில் இருந்ததும் அதன் வெற்றிக்கு ஒரு காரணம். அந்த வசதியையும் அதே வாக்கியம் சொல்லிவிட்டது.

நீங்களும் இப்படிச் சொல்லலாம். ஒரு போட்டோ 4 எம்பி என்றால், 100 ஜிபி இடத்தில் 25,000 போட்டோக்களைச் சேமிக்கலாம். குழந்தைகளின் படங்களைப் பாதுகாக்க நினைக்கும் தாய்க்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

கையில் கொடுத்துப் பாருங்கள்

சோனி நிறுவனம் 1979 ஜூலை 1 அன்று வாக்மேனை வெளியிட்டது. பதிவு செய்ய முடியாத டேப் ரெக்கார்டரை யார் வாங்குவார்கள் என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். முதல் மாதத்தில் சுமார் 3,000 மட்டுமே விற்றது. சோனி ஊழியர்கள் டோக்கியோ நகரின் தெருக்களில் இறங்கி, வழியில் போவோர் காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்க வைத்தார்கள். ஆகஸ்ட் இறுதிக்குள் முதலில் தயாரித்த 30,000 வாக்மேன்களும் விற்றுத் தீர்ந்தன. பத்து நிமிடப் பேச்சு புரிய வைக்காததை ஒரு பாட்டு புரிய வைத்துவிட்டது.

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

அமேசான் நிறுவனத்தில் ஒரு பழக்கம் உண்டு. புதிய பொருளை உருவாக்கும் முன்பே, அது வெளிவந்துவிட்டது போல ஒரு பத்திரிகைச் செய்தியை எழுதுவார்கள். வாடிக்கையாளர்கள் கேட்கக்கூடிய கேள்விகளையும் பதில்களையும் அதனுடன் சேர்ப்பார்கள். அதைப் படிக்கும்போது வாங்குபவருக்கு என்ன லாபம் என்பது தெளிவாக இல்லை என்றால், திட்டத்தைத் திருத்துவார்கள் அல்லது கைவிடுவார்கள்.

இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நோட்பேடைத் திறந்து, நாளை சந்திக்கப் போகும் வாடிக்கையாளர் கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளை டைப் செய்யுங்கள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். பதில் எழுத வராத கேள்வி எதுவோ, விற்பனை அங்கேதான் தடைப்படும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பயனைச் சொல்வது என்றால் இல்லாத பயனைச் சொல்வதல்ல. கடிதம் டைப் செய்யவும் மகளின் ஆன்லைன் வகுப்புக்கும் கம்ப்யூட்டர் கேட்பவருக்கு, விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. அதை நீங்களே சொல்லிவிட்டால் அன்றைய லாபம் கொஞ்சம் குறையும். ஆனால் பிரிண்டர் வாங்கவும், பழுது பார்க்கவும் அவர் உங்களிடமே வருவார். தன் தம்பியையும் அழைத்து வருவார்.

வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை விற்பனையாளர் ஏதாவது ஒரு எண்ணைச் சொன்னால், "இதை வைத்து நான் என்ன செய்யலாம்?" என்று தயங்காமல் கேளுங்கள்.