பெயரை விட்டு ஊரைத் தேடுக

1818ஆம் ஆண்டில், வேல்ஸ் தேசத்தின் மேற்குக் கரையை அடுத்த கார்டிகன்ஷயரில், கில்கென்னின் என்னும் கிராமத்தின் சுற்றுப்புறத்திலிருந்து புறப்பட்ட ஆறு குடும்பத்தார், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, அமெரிக்காவின் ஒஹாயோ நதிவழியே படகில் பிரயாணம் செய்து, காலிபோலிஸ் என்னும் ஊரில் தங்கியபோது, அவர்களுடைய படகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்றென்றும், மேற்கொண்டு செல்ல மனமின்றி அங்கேயே குடியேறிவிட்டார்களென்றும் அப்பிரதேசத்தார் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். 1830களிலும் 40களிலும், குத்தகைப் பாரமும் விளைச்சற் குறைவும் தாங்கமாட்டாமல் அதே ஜில்லாவிலிருந்து பெருந்திரளானோர் அவர்களைத் தொடர்ந்து வந்து, ஜாக்ஸன், காலியா என்னும் ஒஹாயோ மாவட்டங்களில் வேரூன்றினார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்று தம் மூதாதையைத் தேடப் புகுந்தால், முதலில் எதிர்ப்படும் தடை அந்த மூதாதையின் பெயரேயாம்.

ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ், தாமஸ் ஆகிய சில குடும்பப் பெயர்களுக்குள்ளேயே வேல்ஸ் ஜனங்களில் பெரும்பகுதியினர் அடங்கிவிடுகிறார்கள். மகன் தன் பெயரோடு தந்தையின் பெயரைச் சேர்த்து வழங்கிக்கொள்ளும் பழைய சம்பிரதாயம், செல்வர் வீடுகளில் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தை ஒட்டி மறையத் தொடங்கினும், நாட்டுப்புறங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது. எவன் என்னும் பெயருடையவனின் மகன் தாமஸ் எவன்ஸ்; அவனுடைய மகன் டேவிட் தாமஸ்; அவனுடைய மகனோ ஜான் டேவிஸ். மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப் பெயர்கள்! ஆகையால், வயது பொருந்துகிறதென்ற ஒரே காரணத்தால் ஏட்டில் அகப்பட்ட முதல் ஜான் டேவிஸைப் பாட்டனாக ஏற்றுக்கொள்வது, பிறருடைய வம்சத்தைத் தம் வீட்டிற்குள் குடியேற்றுவதாகவே முடியும். வம்ச விருக்ஷம் பூர்த்தியாகாமல் நிற்பது அதைவிட நூறு மடங்கு மேலென்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகவே, தேட வேண்டியது ஊரின் பெயர். அதனினும் மேலாகப் பண்ணை வீட்டின் பெயர். ஒரே கிராமத்தில் பல ஜான் ஜோன்ஸ்கள் வாழ்ந்த நாட்டில், இன்ன பண்ணையைச் சேர்ந்தவனென்று சொல்லித்தான் ஒருவனை அடையாளம் கண்டார்கள். இவ்விவரம் பெரும்பாலும் வேல்ஸில் அன்று, குடியேறிய தேசத்திலேயே அகப்படும். கப்பல் ஜாபிதாவும் குடியுரிமைப் பத்திரமும் ‘வேல்ஸ்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவது வழக்கம். கல்லறைக் கல்லும் மரண அறிவிப்பும் அவ்வளவு கஞ்சத்தனம் செய்வதில்லை. 1851இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘அ ட்ரீக்’ என்னும் வேல்ஸ் மொழிப் பத்திரிகை போன்றவற்றில், காலமானவரின் பிறந்த ஊர், பெற்றோர், கடல் கடந்த ஆண்டு, சேர்ந்திருந்த சபை முதலியன விஸ்தாரமாக அச்சாயின. புறப்படும்போது தாய்ச்சபையில் நற்சாட்சிக் கடிதம் பெற்றுச் சென்று புதிய சபையில் ஒப்படைக்கும் வழக்கமும் இருந்தமையால், சபைப் புஸ்தகங்களையும் அலக்ஷியம் செய்யலாகாது.

ஊர் தெரிந்த பின்னரே கடலைத் தாண்டித் தேடுவது பயன் தரும். அரசாங்க ஜனன மரணப் பதிவு அங்கே 1837 ஜூலை முதல் தேதி தொடங்கியது. அதற்கு முன் புறப்பட்டவருக்குச் சமயப் பதிவேடுகளே கதி. கார்டிகன்ஷயர்க்காரர்களில் பலர் அரசாங்கத் திருச்சபையை விட்டு நீங்கிய மெதடிஸ்டுகள். அவர்களுடைய குழந்தைகளின் ஞானஸ்நானம் தங்கள் ஜெபவீட்டு ஏட்டில் இருக்கும். விவாகமோ, 1754 முதல் 1837 வரை, சட்டத்தின் கட்டாயத்தால், அவர்கள் விட்டு நீங்கிய அதே திருச்சபையின் ஏட்டில் இருக்கும். இதை அறியாதவர்கள் ஒரே ஏட்டைப் புரட்டிவிட்டு, குடும்பமே இல்லையென்று கைவிடுகிறார்கள்.

கப்பலேறாமல் தங்கிவிட்ட சகோதரரையும் தேட வேண்டும். 1841ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, ஒருவர் அதே ஜில்லாவில் பிறந்தவரா என்பதை மட்டும் கேட்டது. வளர்ந்தோரின் வயதையும் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதிற்று. 1851ஆம் ஆண்டுக் குடிமதிப்போ பிறந்த கிராமத்தையே குறிப்பிடுகிறது. ஆதலின், ஊரோடு தங்கிய தம்பியைப் பற்றிய ஒரு வரி, போன அண்ணனின் பிறப்பிடத்திற்கும் வழிகாட்டக்கூடும். அக்காலத்துத் தசமபாக வரிப் படங்களிலும் அவற்றோடு சேர்ந்த அட்டவணைகளிலும் பண்ணைகளின் பெயரும், நிலத்துக்கு உடையவர் பெயரும், உழுதவர் பெயரும் உள்ளன. அபரிஸ்ட்வித் நகரத்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகம் இப்படங்களையும், 1858க்கு முந்திய உயில்களையும் கட்டணமின்றி எவரும் கணினியில் காணும்படி வைத்திருக்கிறது. அவ்வுயில்கள் சிலவற்றோடு, இறந்தவர் வீட்டுக் கறவைகளும் கலப்பையும் படுக்கையும் விலைமதிப்போடு எழுதிய பட்டியலும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்கா போன மகனுக்கென்று ஒதுக்கிய சொற்பப் பணத்தைப் பற்றிய வாக்கியம் ஒன்று ஓர் உயிலில் அகப்படுமாயின், பெயரும் ஊரும் உறவும் ஒருங்கே நிரூபணமாகிவிடும்.