தரை ஆடினால் விளக்குத்தூணிலிருந்து எங்கே போவது?

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதுரை விளக்குத்தூண் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் துணிப்பை. அந்த நேரத்தில் தரை ஆடினால் எந்தப் பக்கம் போவீர்கள்?

‘மதுரையிலாவது, பூகம்பமாவது!’ என்று சிரிக்கலாம். சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. 2002-ல் வந்த நிலநடுக்க வரைபடத்தில் மதுரை இரண்டாம் மண்டலம், அதாவது ஆபத்து குறைந்த வரிசை. சென்னையும் கோவையும் ஒரு படி மேலே, மூன்றாம் மண்டலம். ஆனால், கோவைப் பக்கம் 1900 பிப்ரவரி 8-ம் தேதி வந்த நிலநடுக்கத்தின் அளவு சுமார் 6 என்று மதிப்பிடுகிறார்கள். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

தவிர, மதுரையில் நிலத்தைவிட சந்துகளைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2020 தீபாவளியன்று அதிகாலை, விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர், பழைய கட்டடம் இடிந்து விழுந்து இறந்துபோனார்கள். அதே தீ கூட்ட நேரத்தில் பற்றியிருந்தால்?

குஜராத்தின் அஞ்சார் நகரத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 2001 ஜனவரி 26, குடியரசு தினம். பள்ளிப் பிள்ளைகள் பழைய ஊரின் சந்துகள் வழியே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள. பூஜ் நிலநடுக்கத்தில் இரண்டு பக்கத்து வீடுகளும் அவர்கள் மேல் சரிந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் இறந்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் யாரும் கட்டடத்துக்குள் இல்லை. ‘வெளியே ஓடு’ என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோமே, அந்த ‘வெளியே’ ஒரு சந்தாக இருந்தால் உள்ளே இருப்பதைவிட மோசம். ஆட்டம் நிற்கும்வரை மேஜைக்கு அடியில் தலையை மறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு திறந்தவெளிக்குப் போக வேண்டும். பூஜ் பழைய நகரத்தைத் திரும்பக் கட்டியபோது, மனைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கித்தான் சாலைகளை அகலப்படுத்தினார்கள்.

மதுரைக்கும் அப்படி ஒரு கதை உண்டு. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்கவைத்து, அகழியைத் தூர்க்கவைத்தார். அப்படிப் பிறந்தவைதான் வெளி வீதிகள். விளக்குத்தூணே அவர் நினைவாக நிறுத்தியதுதான். உள்ளே, தேரோடும் மாசி வீதிகளும் அகலமானவை. ஆக, பழைய ஊருக்குள் மாட்டிக்கொண்டால் முதலில் மாசி வீதி, அடுத்து வெளி வீதி. தேருக்கு ஒதுங்குகிற டூவீலர்களும் நடைபாதைக் கடைகளும் மற்ற நாள்களில் மனிதர்களுக்கும் கொஞ்சம் ஒதுங்கினால் புண்ணியமாகப் போகும்.

அதற்கப்புறம் எங்கே? சட்டென்று நினைவுக்கு வருவது தமுக்கமும் ரேஸ்கோர்ஸ் மைதானமும். இரண்டுமே வைகைக்கு வடகரையில் இருக்கின்றன. மாசி வீதிக்காரர்கள் பாலத்தைத் தாண்ட வேண்டும். ஆடி முடித்த பாலத்தில், என்ஜினீயர் பார்க்கும் முன்பே ஊரே ஏறினால் என்னாவது? தமுக்கத்திலும் ஒரு பகுதியை இப்போது மாநாட்டு மையம் எடுத்துக்கொண்டது. வண்டியூர் தெப்பக்குளத்தில் ஒரு காலத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். இப்போது தண்ணீர் நிற்கிறது. சந்தோஷம்தான், ஆனால் ஒரு மைதானம் கணக்கில் குறைந்துவிட்டது. தென்கரைக்குப் பள்ளி மைதானங்களும் அரசரடி ரயில்வே மைதானமும்தான் கைகொடுக்க வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்த மைதானம் என்று தெருமுனையிலேயே பலகை இருந்தால், அந்த நேரத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மைதானம் இருந்தால் மட்டும் போதாது. 1923 செப்டம்பர் 1-ம் தேதி டோக்கியோவை நிலநடுக்கம் உலுக்கியபோது, ஹோன்ஜோ பகுதியில் ராணுவ உடைக்கிடங்கு இருந்த காலி மனையில் மக்கள் திரண்டார்கள். பாயும் பெட்டியும் மரச்சாமானுமாக வந்தார்கள். சுற்றிலும் எரிந்த தீ அந்தச் சாமான்களில் பற்றி, சுழல்காற்றாக எழுந்தது. அந்த ஒரே இடத்தில் சுமார் 38,000 பேர் இறந்தார்கள். ஒதுங்கும் இடத்துக்குத் தண்ணீர் வேண்டும், இரண்டு வழியாவது வேண்டும், வண்டி நிறுத்தமாக மாறாமலும் இருக்க வேண்டும். இரவு தங்குவதற்கு உலக அளவில் வைத்திருக்கும் கணக்கு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், கூரைக்குக் கீழே. ஒரு கல்யாண மண்டபத்தில் எத்தனை பேரைத் தங்கவைக்கலாம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

மதுரைக்காரர்களுக்கு அடிக்கடி வருவது வெள்ளம். 2024 அக்டோபர் 25-ம் தேதி மழையில் செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளத்துக்கு மைதானம் உதவாது, மாடி உள்ள பள்ளிதான் வேண்டும். பீ.பீ.குளம், தல்லாகுளம், உலகனேரி என்று பெயரிலேயே குளமும் ஏரியும் இருக்கிற பகுதிகளில், எது பள்ளம் எது மேடு என்று அந்தத் தெருப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். வார்டுக்கு ஒரு இடம் குறித்தால் பற்றாது. ஆட்டத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என இரண்டு இடம் குறிக்க வேண்டும். பட்டியல் தயாராகும்வரை, மாவட்ட அவசர எண் 1077-ஐயும் மாநில எண் 1070-ஐயும் போனில் பதிந்து வையுங்கள். தமிழ்நாடு பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘டிஎன் அலர்ட்’ செயலியும் இருக்கிறது.

ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் போன் போட்டால் லைன் கிடைக்காது. துணி எடுக்கப் போகும்போது வண்டியை எங்கே விடுவது என்று பேசுகிறோம் இல்லையா, அப்போதே பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்றும் பேசிவிடுங்கள். பாட்டிக்கும் கடைக்குட்டிக்கும் தெரிந்த, பழைய கட்டடத்தை ஒட்டாத இடமாக இருக்கட்டும். ‘பெரியார்ல நில்லு’ என்றால் போதாது, எந்த வாசல் என்பதையும் சொல்லிவிடுங்கள்.