நேற்றுப் பாண்

நத்தாருக்கு இரண்டு நாள் முன்னரே ஒரு இறாத்தல் பாண் வாங்கி, துண்டு போட்டுச் சுளகில் பரப்பி, அடுப்புக்கு மேலே வைத்துவிடுவேன். டிசம்பரில் கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கும் ஈரத்துக்கு, வேறெங்கே வைத்தாலும் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இது தாத்தா சொல்லித் தந்த வழக்கம். அவர் தோட்டத்துப் பங்களாவில் அப்பு. துரை வீட்டுச் சமையல்காரர். நத்தாருக்குத் துரைக்கு வான்கோழி வேண்டும். அதன் வயிற்றுக்குள் அடைப்பதைத் தாத்தா 'பூரணம்' என்பார், மோதகத்துக்குச் சொல்வதுபோல. "இன்னைக்கு வாங்குன பாண் வேணாம் புள்ள, நேத்துப் பாண எடு" என்பார். புதுப் பாண் களியாகிவிடும். காய்ந்ததுதான் இறைச்சிச் சாற்றைக் குடித்தும் உதிரியாக நிற்கும். வெள்ளைக்காரர் சேஜ் இலை போடுவார்கள். அது கிடைக்காத ஒரு வருசம் தாத்தா ரம்பை போட்டார். பிறகு துரைசாணி அதையே கேட்டு வாங்கினாராம்.

வான்கோழி மெக்சிக்கோவில் வளர்த்த பறவை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஒல்லாந்தர் அதற்குக் கோழிக்கோட்டின் பேரை ஒட்டி 'கல்கூன்' என்று பேர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா 'களுகுமா' என்பது அந்தச் சொல்தான்.

நான் செய்வது கோழியில். இரண்டு கிலோ கோழிக்கு அரை இறாத்தல் பாண் போதும். பட்டரில் வெங்காயம், ரம்பை, பொடியாக நறுக்கிய ஈரல் எல்லாம் வதக்கி, இடித்த கஜு, மிளகுத்தூள், உப்புச் சேர்த்து, பாணை உதிர்த்துப் போட்டு, ஒரு முட்டை உடைத்துப் பிசறுவேன். கை அழுத்தக் கூடாது.

ஒரு வருசம் வேலை குறையட்டும் என்று முதல் நாள் இரவே கோழிக்குள் அடைத்து வைத்தேன். மறுநாள் தோல் பொன்னிறமாக வந்தது. பூரணத்தின் நடுப்பகுதி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அப்படியே பரிமாறினேன். அன்றிரவே மகளுக்கு வயிற்றோட்டம், ஆஸ்பத்திரியில் சேலைன். பச்சை இறைச்சியின் சாறு பாணுக்குள் ஊறுகிறது. சூடு கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் அதுதான். அந்த நடுவில் 74 பாகை செல்சியஸ் வரவேண்டும் என்று பிறகுதான் படித்தேன். இப்போது பூரணத்தைத் தனித் தட்டில், கோழியிலிருந்து வடியும் சாற்றை ஊற்றி, மேலே மொறுமொறுப்பாகும் வரை சுடுகிறேன்.

மிச்சத்தையும் மேசையில் விடுவதில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குள் எலும்பிலிருந்து இறைச்சியைப் பிய்த்து, அகலமான தட்டங்களில் மெல்லியதாகப் பரப்பி பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். ஆழமான சட்டியில் குவித்தால் நடுவில் குளிர் இறங்க நேரமெடுக்கும், அதற்குள் கிருமி பெருகும். மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். இறைச்சி, மிஞ்சிய ரொட்டியோடு கொத்தாகும். எலும்பு மல்லி, மிளகு, உள்ளியோடு ரசமாகும். பூரணம்தான் எல்லாவற்றிலும் மேல்: அவித்த உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் சேர்த்து உருட்டி, பாண் தூளில் புரட்டிப் பொரித்தால் கட்லட்.

மகள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். நத்தாருக்கு ரயிலேறி வருவாள். 26ஆம் திகதி காலையில் எழும்பியதும் முதல் கேள்வி: "அம்மா, கட்லட் இன்னும் பொரிக்கலையா?"