இணையக் கேபிளின் நுனி நம் கையில்

குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் சகோதரிகள் பலர் வேலி அடைக்கவும், தண்ணீர்க் குழாய் திருத்தவும், சைக்கிளுக்கு ஒட்டுப் போடவும் பழகிவிட்டனர். தேவை வந்தபோது "ஆண்கள் வேலை", "பெண்கள் வேலை" என்ற எல்லை தானாகவே அழிந்து போனது. ஆனால் கணினி, கம்பி என்று வந்தால் மட்டும் இன்னும் ஒரு தயக்கம் இருக்கின்றது.

2020 ஆம் ஆண்டு கொரோனாப் பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் படிப்பு இணையத்தின் பக்கம் திரும்பியது. வீட்டிலிருந்தே கணினியில் உழைக்கும் பெண்களும் இருக்கின்றார்கள். வைஃபை அலை சுவர்களைக் கடக்கும்போது பலவீனமாகிவிடும். ரவுட்டரிலிருந்து கணினி வரை ஓர் ஈதர்நெற் கேபிள் இழுத்துவிட்டால் இணைப்பு நிலையாக இருக்கும். அந்தக் கேபிள் பழுதானால் என்ன செய்வது?

வேலை நிமித்தம் சென்ற ஒரு வீட்டில், தட்டச்சு வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரியைச் சந்தித்தேன். எலி கடித்த கேபிளை ஒருவர் வந்து, கம்பிகளை முறுக்கி, ரேப் சுற்றி, கூலியும் வாங்கிச் சென்றிருந்தார். சில நாட்களின் பின் இணைப்பு விட்டு விட்டு அறுந்தது. எடுத்த வேலையை நேரத்துக்கு அனுப்ப முடியாமல் அவர் வருமானத்தை இழந்தார். கேபிளைப் பற்றிச் சிறிது தெரிந்திருந்தால் இந்த இழப்பு வந்திராது.

ஏன் முறுக்கி ஒட்டக்கூடாது?

கேபிளின் உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு சோடியும் பின்னல் போல ஒன்றையொன்று சுற்றியிருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை இந்த முறுக்குத்தான் தடுக்கின்றது. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் 1881 இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. மின்வயரைப் போல நினைத்துக் கம்பிகளைப் பிரித்து ஒட்டினால் இந்தப் பாதுகாப்பு அந்த இடத்தில் அழிந்துவிடும். ஈரமும் உட்புகும்.

கேபிள் நடுவில் அறுந்தால் சிறந்த வழி முழுக் கேபிளையும் மாற்றுவது. முடியாவிட்டால், பழுதான துண்டை வெட்டிவிட்டு, இரு நுனிகளுக்கும் ஆர்ஜே 45 பிளக் பொருத்தி, இரண்டையும் கப்ளர் என்னும் சிறிய இணைப்பானில் செருகுங்கள். அது மழை படாத இடத்தில் இருக்கட்டும்.

பிளக் பொருத்தும் முறை

1. வெளி உறையை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அளவுக்கு நீக்குங்கள். உள்ளிருக்கும் கம்பிகளில் கீறல் விழக்கூடாது.

2. சோடிகளைப் பிரித்து, கம்பிகளை நிமிர்த்தி, இடமிருந்து வலமாக அடுக்குங்கள்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். இது "பி" ஒழுங்கு எனப்படும். இரு நுனியிலும் இதே ஒழுங்கு இருக்கவேண்டும்.

3. நுனிகளைச் சமமாக வெட்டுங்கள். முறுக்குப் பிரிந்த பகுதி அரை அங்குலத்துக்கு மேற்படக்கூடாது.

4. பிளக்கின் கொக்கி மறுபக்கமும், செப்புப் பற்கள் மேலே உங்களைப் பார்த்தும் இருக்கும்படி பிடித்து, கம்பிகளைக் கீழிருந்து முடிவு வரை தள்ளுங்கள். வெளி உறையும் பிளக்கின் உள்ளே சிறிது நுழைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கேபிளை இழுத்தாலும் கம்பி கழராது.

5. கிறிம்பர் குறட்டினால் இறுக அழுத்துங்கள்.

பச்சைச் சோடி மட்டும் நீலச் சோடிக்கு இருபுறமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். "எல்லாச் சோடியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் என்ன?" என்று தோன்றும். அப்படி வைத்தால் சாதாரண ரெஸ்ரரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் வேகம் குறையும் அல்லது இணைப்பு அறுந்து அறுந்து வரும். மூன்றாம், ஆறாம் பற்கள் ஒரே சோடியின் கம்பிகளைத்தான் எதிர்பார்க்கின்றன.

சில எச்சரிக்கைகள்

ரெஸ்ரரில் ஒரு விளக்கு எரியாவிட்டால் நுனியை வெட்டி மீண்டும் பொருத்துங்கள். நான்கு கம்பிகளுடன் செக்கனுக்கு 100 மெகாபிற் வேகம் கிடைக்கும். 1000 வேண்டுமானால் எட்டும் சரியாக இருக்கவேண்டும். ஆகவே "இணையம் வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது" என்றால் நுனியையும் சந்தேகியுங்கள்.

வாங்கும்போது முழுச் செப்புக் கேபிளா என்று கேளுங்கள். செப்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் மலிவு. ஆனால் இலகுவில் முறியும். ஓர் இணைப்பின் மொத்த நீளம் 100 மீற்றரைத் தாண்டக்கூடாது. வீட்டு மின்வயர் செல்லும் குழாய்க்குள் இதைச் செலுத்தக்கூடாது. இடி மின்னல் தொடங்குமுன்பே கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது.

தொழிலாகவும் ஆகலாம்

கிறிம்பர், ரெஸ்ரர், ஒரு பை பிளக் - ஆரம்பத்துக்கு இவை போதும். நான்கைந்து பேர் கொண்ட ஒரு மகளிர் குழு சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். பழைய கேபிள் துண்டுகளில் பழகுங்கள். முதல் பிளக்குகள் வீணாவது இயல்பே. மேலும் கற்க விரும்புவோர் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் அருகிலுள்ள நிலையத்தில் கணினி வன்பொருள், வலையமைப்புப் பயிற்சிநெறிகள் பற்றி விசாரிக்கலாம்.

தனியாகப் பிள்ளைகளுடன் இருக்கும் வீட்டுக்கு முன்பின் தெரியாத ஒருவரை அழைக்கத் தயங்கும் பெண்கள் ஊரில் பலர். அவர்களின் கதவைத் தட்டுவது அயலிலுள்ள ஒரு சகோதரியாக இருந்தால் அவர்களுக்கும் நிம்மதி; அந்தச் சகோதரிக்கும் வருமானம். பாய் பின்னவும், துணி தைக்கவும், நிறம் பார்த்து நூல் கோர்க்கவும் பழகிய விரல்களுக்கு எட்டுக் கம்பிகளை ஒழுங்குபடுத்துவது பெரிய காரியமல்ல. முயன்று பாருங்கள்!