மணற்கரை ஊர்களில் கழிப்பிடம்

நெய்தல் நிலத்துப் புன்னையையும் தாழையையும் வகுப்பில் இன்புறப் பயில்கின்றோம். மாலையில் முத்தையாபுரத்திற்குத் திரும்புங்கால், உப்பளங்களை அடுத்த உடைமரப் புதர்களின் மறைவு வேறொரு காரியத்திற்குப் பயன்படுவதைக் காண்கின்றோம். இப்பொருள் தமிழ்ப் பகுதிக்குத் தகுமோ எனச் சில நண்பர்கள் வினவினர். இது தகாதெனின், இதனால் வரும் வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் நம் சிறார்க்குத் தகும் போலும்!

மக்கள் அறியாமையால் வெளியே செல்கின்றனர் என்பது பலர் கூறும் எளிய விடை. அது முற்றும் உண்மையன்று. 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில், ஊர்ப்புறத்தே தகுதியுடைய வீடொன்றுக்கு 12,000 ரூபாய் அளிக்கப்பெற்றது. நகரத்தார்க்கும் உதவித்தொகை உண்டு. கழிப்பிடங்கள் பல எழுந்தன. ஆயினும் அவற்றுட் சில விறகும் பழவலையும் வைக்கும் அறைகளாயின. எங்கள் தெருவிலும் அத்தகையது ஒன்றுண்டு. அவ்வீட்டுப் பாட்டியை வினவினேன். "மழை பெய்தால் குழி நிரம்பி மேலே வந்துவிடுகிறதய்யா. பாத்திரம் கழுவுகிற கிணறு பக்கத்தில்தானே இருக்கிறது?" என்றார். இஃது அறியாமையன்று, நிலத்தின் இயல்பை நன்கறிந்தவர் சொல்.

குழியினின்று கசியும் நீர் உலர்ந்த மண்ணினூடே மெல்ல இறங்கி, வடிகட்டப்பெற்று, கிருமிகள் குறைந்த பின்னரே நிலத்தடி நீரை அடைதல் வேண்டும். கடற்கரை மணலிலோ நீர் மிக்க ஆழத்தில் இல்லை. மாரிக்காலத்தில் இன்னும் மேலெழும். மணலும் நீரை விரைந்து போகவிடும். ஆகவே குழியும் கிணறும் ஒரே நீரைப் பகிர்ந்து கொள்கின்றன. நீர் ஊற்றிக் கழுவுதலே தூய்மை என்பது நம் எண்ணம். ஈண்டு அந்நீரே கிருமியைச் சுமந்து செல்கின்றது.

மலத்தை நீரொடு சேரவிடாமையே இதற்கு வழி. இங்கிலாந்தில் ஃபோர்டிங்டன் என்னும் ஊரின் குருவாகிய ஹென்றி மூல் ஐயர், 1854 ஆம் ஆண்டு வாந்திபேதியில் தம் மக்கள் மடியக் கண்டவர். மலத்தின்மேல் உலர்ந்த மண்ணை இட்டால் நாற்றம் நீங்கிச் சின்னாளில் அதுவும் மண்ணாதலை அறிந்து, மண் கழிப்பிடம் ஒன்றை அமைத்து, 1860 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதன் வாளியை ஒருவர் எடுத்துச் சென்று கொட்டவேண்டும். நம் நாட்டில் அவ்வொருவர் யார் என்பதைச் சாதியன்றோ முடிவு செய்தது! 1993 ஆம் ஆண்டுச் சட்டமும் 2013 ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்விழிவைத் தடுக்கவே எழுந்தன. ஆதலின் உலர் கழிப்பிடம் என்றதும் பழைய எடுப்புக் கக்கூசை நினைந்து முகஞ்சுளிப்பாரை யான் குறைகூறேன்.

அவ்விடர் நீங்கிய அமைப்பொன்று நம் அண்டைக் கடற்கரையிலேயே உள்ளது. திருவனந்தபுரத்தை அடுத்த புல்லுவிளை என்னும் மீனவர் ஊரில், பால் கால்வெர்ட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1990களில் அதனைக் கட்டத் தொடங்கினார். அதிற் குழியே இல்லை. நிலத்தின்மேல், நீர் கசியாத தளமிட்ட இரண்டு அறைகள். அவற்றின்மேல் அமரும் இடம். மலம் அறையினுள் விழும். சிறுநீர் தனிவழியே செல்லும். கால்கழுவும் நீரும் அறையிற் சேராது செடிப் பாத்திக்குப் போகும். கழுவும் வழக்கமுடைய நமக்கு இதுவே இன்றியமையாத திருத்தம். ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல் இடவேண்டும். ஓர் அறை நிரம்பியதும் அதனை மூடி மற்றதைப் பயன்படுத்துவர். அடுத்தது நிரம்புதற்குள் முதலறையில் உள்ளது உலர்ந்து எருவாகிவிடும். குடற்புழுவின் முட்டையே நெடுநாள் உயிர்தரிப்பது. அதனாலேயே மூடிய அறையை அவசரப்பட்டுத் திறத்தலாகாது. காலம் நிறைந்தபின் அள்ளுவது மலமன்று, எரு. அதனை வீட்டாரே அள்ளலாம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முசிறியிலும் இம்முறையிற் பொதுக் கழிப்பிடம் அமைத்து, வந்து பயன்படுத்துவோர்க்கே சிறுதொகை கொடுத்தனர். கட்டணம் வாங்கும் கழிப்பிடங்களையே கண்ட நமக்கு இது நகைப்பாகத் தோன்றலாம். எருவின் விலையை அவர்கள் அறிந்திருந்தனர்.

இவ்வமைப்பு வீடுகளினும் உப்பளங்களுக்கே முதற்கண் வேண்டும் என்பது என் கருத்து. உவர்நீர் ஊறிய அந்நிலத்திற் குழி தோண்டிப் பயனில்லை. மறைவின்றி நாள்முழுதும் வெயிலில் உழைக்கும் பெண்டிர், ஒதுங்க இடமின்மையின் தண்ணீரையே குறைத்துக்கொள்கின்றனர். அதனாற் சிறுநீர்த் தாரையில் நோய் கொள்கின்றனர். இதனை அவர்கள் மருத்துவரிடம் கூறவும் நாணுவர்.

இவற்றையெல்லாம் பாட்டியிடம் விரித்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதானய்யா, இப்போது எல்லாரும் கேஸ் அடுப்பு வைத்திருக்கிறோமே, சாம்பலுக்கு எங்கே போவது?" என்றார். இவ்வினா எனக்குத் தோன்றவேயில்லை. சுண்ணாம்பு கலந்த உலர்மண்ணும், தோணி கட்டுமிடங்களிற் கழியும் மரத்தூளும் அதற்கு உதவும் எனப் பின்னர் அறிந்து அவரிடம் சொன்னேன். மரத்தூள் மூட்டை என்ன விலை என்று விசாரித்து வரும்படி என்னை அனுப்பியிருக்கின்றார்.