கைராசியைப் பழிக்காதீர்கள், பாக்கெட்டைப் பாருங்கள்

ஆடி பிறந்தால் எங்கள் தெருவில் பாதி மாடிகளில் மண் பைகள் ஏறிவிடும். புரட்டாசிக்குள் அதில் பாதி காலி. "நமக்குக் கைராசி இல்லீங்க" என்று பையை மடித்துப் பரணில் போட்டுவிடுகிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

போன வருடம் பக்கத்து வீட்டு அக்காவும் இதையே சொன்னார். வெண்டை விதை இருபது ஊன்றியதில் மூன்றுதான் முளைத்ததாம். "பாக்கெட் எங்கேக்கா?" என்றேன். குப்பைக் கூடையிலிருந்து எடுத்து வந்தார். காலாவதி நாள் இருக்கவேண்டிய இடத்தில் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால், கெடு முடிந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. பில் கேட்டேன். "முப்பது ரூபாய்க்கு யாருப்பா பில் வாங்குவா?"

பாக்கெட்டோடு விதை ஆய்வாளரைப் பார்க்கப் போனோம். "மாடியில வைக்கிறதுக்கெல்லாம் புகாரா?" என்று அவர் சலித்துக்கொண்டார். வற்புறுத்தி எழுதிக் கொடுத்தோம். கடைக்காரர் "இது நான் விற்றதே இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பில் இல்லாததால் எங்களிடம் பதில் இல்லை.

ஆகவே முதலில் பில். முப்பது ரூபாய்க்கும் பில். அதில் பயிர், ரகம், குவியல் எண் (லாட் நம்பர்) மூன்றும் இருக்கவேண்டும்.

அடுத்தது பாக்கெட்டில் உள்ள அட்டை. அரசு சான்றளித்த சான்று விதைக்கு நீல அட்டை, உற்பத்தியாளரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மை நிலை விதைக்குப் பச்சை அட்டை. முளைப்புத்திறன், புறத்தூய்மை, பரிசோதனை நாள், காலாவதி நாள், உற்பத்தியாளர் முகவரி எல்லாம் அதில் இருக்கும். அறிவிக்கை செய்யப்பட்ட ரகங்களுக்கு 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறது. குறைந்தபட்ச முளைப்புத்திறன் வெண்டைக்கு 65 சதவீதம், தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, மிளகாய்க்கு 60. விதை விற்க உரிமம் வேண்டும். இணையத்தில் நீலத் தக்காளிப் படம் போட்டு, வெறும் பிளாஸ்டிக் உறையில் எழுத்தே இல்லாமல் வருகிறதே, அதை வாங்கிவிட்டு யாரிடம் போய் நிற்பீர்கள்?

விதையை ஒரே நாளில் மொத்தமாக ஊன்றாதீர்கள். பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி, காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்டை ஐந்தாறு நாளில் முளைகாட்டும். கத்தரியும் மிளகாயும் பத்துப் பன்னிரண்டு நாள்கூட எடுக்கும். பத்தில் நான்குகூட வரவில்லையென்றால் மண்ணைக் கிளறுவதை விட்டுவிட்டு, மிச்ச விதையை அதே பாக்கெட்டில் பத்திரப்படுத்துங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் தண்டுக்கீரை, வெண்டை, கொத்தவரையோடு நிற்பது நல்லது. கீரை ஒரு மாதத்துக்குள் குழம்புச் சட்டிக்கு வரும். வெண்டை ஏறக்குறைய 45 நாளில் காய்க்கும். நாற்றங்கால் கேட்கிற கத்தரியும் தக்காளியும் அடுத்த பட்டத்துக்கு இருக்கட்டும். அடுக்ககத்தில் மாடி எல்லோருக்கும் பொது என்பதால் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பைக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கு அந்தத் தட்டு நீரே போதும்.

இனி, விதை மோசம் என்று தெரிந்தால் யாரிடம் போவது?

விதை ஆய்வாளரிடம். உங்கள் மாவட்டத்தைக் கவனிக்கும் விதை ஆய்வு துணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. அங்கே கேட்டால் உங்கள் பகுதி ஆய்வாளர் யார் என்று சொல்வார்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் கொடுங்கள். கடையின் பெயர், வாங்கிய நாள், பில் எண், ரகம், குவியல் எண், ஊன்றிய நாள், எத்தனை ஊன்றி எத்தனை முளைத்தது என்று வரிசையாக எழுதுங்கள். பில்லின் நகலையும் முளைப்புச் சோதனைப் புகைப்படத்தையும் சேருங்கள். எழுத்தில் வரும் புகாரை விசாரிப்பது ஆய்வாளருடைய கடமை என்று 1968ஆம் ஆண்டு விதை விதிகள் சொல்கின்றன. விதை கோளாறால் பயிர் பொய்த்ததாக விவசாயி புகார் தந்தால், அட்டை, பை, மிச்ச விதை ஆகியவற்றை அவர் கைப்பற்றி விசாரிக்கவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பாக்கெட்டை எறியாதீர்கள் என்று நான் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "வெச்சுட்டுப் போங்க" என்றால் போகாதீர்கள். முத்திரை தர மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே கடிதத்தின் நகலோடு மனுக் கொடுங்கள்.

பணமும் இழப்பீடும் வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விதை வழக்குகளில் நுகர்வோர் மன்றத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன் நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன் செய்து பாருங்கள். பூச்சி, இலைச்சுருட்டல் போன்ற சாகுபடிச் சந்தேகங்களுக்கு விவசாயிகளுக்கான உதவி எண் 1800-180-1551. தமிழிலேயே பதில் சொல்வார்கள், கட்டணமில்லை.

மிச்ச விதையைப் பத்திரப்படுத்தச் சொன்னேன் அல்லவா? அடுப்படியில் மட்டும் வைக்காதீர்கள். இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறிய விதை பூஞ்சாணக்கொல்லி பூசியது. பாக்கெட்டிலேயே நஞ்சு என்று போட்டிருக்கும். ஊன்றியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளிடம் எண்ணக் கொடுக்காதீர்கள். இந்த ஆடியில் அக்கா பில்லோடு வாங்கிய கொத்தவரை விதையின் மிச்சம், சாயத்தோடு, கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. பில்லையும் அதையும் ஒரே கவரில் போட்டு, அன்றைக்கே பீரோவின் மேல்தட்டுக்கு மாற்றினோம்.