உதயகிரிக் கோட்டையின் வலிய கப்பித்தான்

கன்னியாகுமரி மாவட்டம் புலியூர்க்குறிச்சியில், நாகர்கோவில் – திருவனந்தபுரம் நெடுஞ்சாலையை ஒட்டி உதயகிரிக் கோட்டை இருக்கிறது. அதற்குள்ளே கூரை போய்ச் சுவர்கள் மட்டும் மிஞ்சிய ஒரு சிறு தேவாலயம். திருவிதாங்கூர்ப் படையை வழிநடத்திய ஐரோப்பியரான யூஸ்டேசியஸ் பெனடிக்டஸ் டிலனாய் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. ஊர் மக்கள் கோட்டையையே டிலனாய் கோட்டை என்று அழைத்ததுண்டு.

டிலனாய் டச்சுப் படையோடு வந்தவர். காரைக்கால் பக்கத்தாருக்கு டச்சுக்காரர் என்றதும் நாகப்பட்டினம் நினைவுக்கு வரும். 1658 முதல் 1781 வரை அது அவர்கள் கையில் இருந்தது. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரருக்குப் போனது. சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் இப்படித் துறைமுகம் துறைமுகமாகக் காலூன்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மேற்குக் கரையில் ஓர் அரசன் அவர்களை எதிர்த்து நின்றான். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அண்டை நாடுகளை ஒவ்வொன்றாக இணைத்து, மிளகு வணிகத்தையும் தன் பிடிக்குள் கொண்டுவரத் தொடங்கியிருந்தார். மிளகை மலிவாக வாங்கிப் பழகிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியால் இதைப் பொறுக்க முடியவில்லை. இலங்கையிலிருந்து கப்பல்களை அனுப்பிக் குளச்சலில் படை இறக்கியது. 1741 ஆகஸ்டில் அந்தப் படை சரணடைந்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். அவரைக் கடற்படைத் தலைவர் என்று சில நூல்கள் எழுதுவது மிகை. அத்தனை உயர்ந்த பதவி அவருக்குக் கம்பெனியில் இருந்ததில்லை.

பதவி உயர்ந்தது தோற்ற பிறகுதான். மார்த்தாண்ட வர்மா கைதியைக் கொல்லவுமில்லை, பணயத் தொகைக்கு விற்கவுமில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார். வாளும் வேலும் பழகிய வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுக்கவும் துப்பாக்கியும் பீரங்கியும் கையாளவும் டிலனாய் பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டை அவர் காலத்தில் திருத்திக் கட்டப்பட்டது. உள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்களமும் அமைந்தது. தலைநகரான பத்மநாபபுரம் கூப்பிடு தூரத்தில் இருந்ததால், படையின் முதன்மைத் தளமாக இந்தக் கோட்டையே விளங்கியது. டிலனாய் படிப்படியாக உயர்ந்து ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி, ஆனார். மார்த்தாண்ட வர்மா 1758இல் மறைந்த பிறகு, அடுத்து வந்த தர்மராஜாவிடமும் அதே பொறுப்பில் தொடர்ந்தார்.

லத்தீன் வாசகம் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறது: ஏறக்குறைய 37 ஆண்டுகள் அரசருக்குப் பணிசெய்தார், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை ஆயுத பலத்தால் அடிபணிய வைத்தார், 62 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1ஆம் நாள் இறந்தார். கல் பெருமைப்படுவது பிடித்த நாடுகளைப் பற்றி. அவருடைய பெரிய வேலை பிடித்ததில் இல்லை, காத்ததில் இருக்கிறது. வட எல்லையில் கடலோரத்திலிருந்து மலையடிவாரம் வரை மண்ணால் எழுப்பிய நெடுங்கோட்டை அவர் காலத்தில் உருவானது. அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் அதைத் தாக்கிப் பின்வாங்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு திப்பு அதை உடைத்து நுழைந்தார் என்றாலும், முதல் தாக்குதலைத் தடுத்தது அந்த மண்சுவரே.

டிலனாயின் மனைவி மார்கரீத்தாவும் மகன் யோகான்னஸும் அதே தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்கள். மகன் 1765இல் களக்காட்டுச் சண்டையில் பத்தொன்பது வயதில் மாண்டான்.

அரசனுடைய கோட்டைக்குள் கத்தோலிக்க ஆலயம் எழுந்ததை மார்த்தாண்ட வர்மாவின் பெருந்தன்மை என்று மட்டும் எழுதிவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். டிலனாயுடன் பழகிய அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்னர் கைது செய்யப்பட்டார். சித்திரவதைக்குப் பின் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நியத் தளபதியின் மதத்தைப் பொறுத்துக்கொண்ட அரசு, சொந்த அலுவலரின் மதமாற்றத்தைப் பொறுக்கவில்லை. படைக்கு டிலனாய் தேவைப்பட்டார் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை. தேவசகாயத்தின் உடல் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் உள்ளது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

உதயகிரிக் கோட்டை 1956 நவம்பர் 1 அன்று, குமரி மாவட்டத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. இப்போது உள்ளே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா நடக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கப் போகிறவர்கள் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்தக் கல்லறையையும் பார்த்துவிட்டு வரலாம்.